காந்தம் அறியாத எண்

வாசலில் லாரி வந்து நின்றால் எங்கள் பட்டறையில் முதலில் எழுந்து போகிறவர் காந்தக்காதான். டிரைவர் இறங்கிச் சோம்பல் முறிப்பதற்குள் லாரியின் பின்பக்கம் போய் நின்றிருப்பார். அடையாள அட்டை தொங்கும் நாடாவிலேயே ஒரு வட்டக் காந்தமும் அவர் கழுத்தில் தொங்கும். அதை எடுத்துத் தகட்டின் ஓரத்தில் வைத்துக் கையை விடுவார். காந்தம் நழுவி விழுந்தால் சரக்கு உள்ளே வரும். ஒட்டிக்கொண்டால் லாரி வந்த வழியே போகும். அந்த ஒரு நொடி லாரிக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அவர் எங்கள் கொள்முதல் அதிகாரி. நான் ஸ்டோர்கீப்பர். முப்பது பேர் வேலை செய்யும் பட்டறை அது. பால் பண்ணைக்கும் மீன் டப்பா ஆலைக்கும் துணி வெளுக்கும் ஆலைக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் தொட்டி, குழாய், மேசை என்று செய்து கொடுக்கிறோம். தகரக்கூரைக் கொட்டகை, ஒரு மூலையில் இரும்பு மாடிப்படி, மேலே கண்ணாடி ஜன்னல் வைத்த ஆபீஸ். படிக்குக் கீழே இருக்கும் பொந்துதான் ஸ்டோர். எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று எல்லோரும் சொல்வார்கள். நாள் முழுக்கத் தலைக்கு மேல் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டு அந்தப் பொந்துக்குள் உட்கார்ந்து பார்த்தால் அவர்களுக்கும் வரும்.

அந்தக் கோபம் காந்தக்காவிடம் மட்டும் செல்லாது. என்னைவிட மூன்று வயது மூத்தவர். என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார், ஆனால் நீங்கள் போட்டுத்தான் பேசுவார். அந்த மரியாதையில் பாதி என் வேலைக்கு, மீதி என் வாய்க்குப் பயந்து என்று நினைக்கிறேன்.

இருபத்திரண்டு வயதில் டைப்பிஸ்டாக வந்து சேர்ந்தவர் அவர். கொள்முதல் கடிதங்களைத் தட்டச்சு செய்வதுதான் வேலை. ஸ்டீலின் ரகமாக ஒரு கடிதத்தில் 304 என்று இருக்கும், இன்னொன்றில் 316, மற்றொன்றில் 430. வீட்டில் எல்லாவற்றுக்கும் எவர்சில்வர் என்று ஒரே பெயர் சொல்லி வளர்ந்த பெண்ணுக்கு இது புதிராக இருந்திருக்கிறது. அப்போதிருந்த போர்மேனிடம் கேட்டாராம். "அதெல்லாம் உனக்கு எதுக்கும்மா, எழுதிக் கொடுத்ததை அடி" என்று அந்த ஆள் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் மட்டும் ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால் காந்தக்கா இன்றைக்கும் டைப்பிஸ்டாகவே இருந்திருப்பார் என்பது என் கணிப்பு.

அவர் தானாகவே கற்றுக்கொண்டார். ஆலைகளுக்குப் போன் போட்டுக் கேட்டார். விலைப்பட்டியலின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதையெல்லாம் படித்தார். ஆறு கண்ணாடி டம்ளர்களை வாங்கி வந்து தன் ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்து, உப்புத் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு வகைத் தகட்டுத் துண்டைப் போட்டுச் சீட்டு ஒட்டினார். திங்கட்கிழமை தவறாமல் தண்ணீர் மாற்றுவார். ஒரு துண்டு ஒரே வாரத்தில் பழுப்பேறியது. ஒன்று மாதக்கணக்கில் தாக்குப்பிடித்துப் பிறகு மெல்லப் புள்ளி விட்டது. 316 போட்ட டம்ளர் மட்டும் போட்ட நாள் போலவே கிடந்தது. புதிதாக வந்த மேனேஜர் ஒருநாள் அவசரத்தில் அதை எடுத்துக் குடிக்கப் போய், வாயில் வைத்ததும் துப்பினார். "நல்ல டம்ளரா பாத்துத்தான் எடுத்திருக்கீங்க சார்" என்றார் காந்தக்கா. மேனேஜர் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

ஒரு தொட்டிக்கு எந்த எண் தகடு வாங்குவது என்று முடிவு செய்ய வேண்டுமானால் அவர் வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்ய மாட்டார். வாடிக்கையாளரின் ஆலைக்கே போவார். தொட்டியைப் பற்றி ஏதோ ஒரு பிள்ளையைப் பற்றி விசாரிப்பது போல விசாரிப்பார். இது என்ன குடிக்கும், எவ்வளவு சூடாகக் குடிக்கும், குடித்தது வயிற்றில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று. அதிகாரிகள் சொல்வதைக் குறித்துக்கொண்டு, கடைசியில் தொட்டி கழுவும் அம்மாவைத் தேடிப் போவார். ஒரு பால் பண்ணையில் அப்படித்தான், தரை தேய்த்துக்கொண்டிருந்த அம்மா பேச்சுவாக்கில், "வடிகால் தட்டுல கறை போகலன்னா பிளீச்சிங் கரைசலை ஊத்தி அப்படியே விட்டுட்டுப் போயிடுவேன், காலைல பளிச்சுனு இருக்கும்" என்று சொல்லியிருக்கிறார். அந்த ஆலையின் எந்தக் காகிதத்திலும் இது இல்லை. ஸ்டீலுக்கு உப்பும் பிளீச்சிங்கும்தான் எமன். காந்தக்கா அந்த ஒரு வடிகால் தட்டுக்கு மட்டும் 316 போடச் சொல்லிவிட்டு, மற்றதுக்கு 304 போதும் என்று எழுதினார்.

உசத்தியானதை எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்ளும் ஆளும் இல்லை அவர். எங்கள் முதலாளி ஆபீஸ் படிக்கட்டுக் கைப்பிடிக்கு 316 வேண்டும் என்று ஆசைப்பட்டார். "கைப்பிடியைப் பிடிக்கப் போறது கைதானே சார், கடல் இல்லையே" என்று சொல்லி 304-இல் முடித்துவிட்டார்.

காந்தம் அவர் கணவர் கொடுத்தது. அவர் ஒலிபெருக்கி, ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். ஓட்டையாகிப் போன ஒரு ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம். "நான் என் பொண்டாட்டி கழுத்துல போட்டதுலயே நல்லா உழைக்கிறது இதுதான்" என்று அந்த மனிதர் எங்களிடமே சொல்லிச் சிரிப்பார். பதினெட்டு வருடங்களுக்கு முன்னால், 304 என்று பில் போட்டு ஒரு வியாபாரி ஒரு லாரித் தகட்டைத் தலையில் கட்டப் பார்த்தபோது, அந்தக் காந்தம் போய்ப் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. அத்தனையும் மலிவான 430. அன்றைக்குக் கிடைத்த பெயர்தான் காந்தக்கா. அதன் பிறகு எங்கள் பட்டறையில் எல்லோருக்கும் காந்தத்தின் மேல் அசைக்க முடியாத நம்பிக்கை. தகட்டோடு வரும் காகிதத்தைப் பார்ப்பதைவிட அந்தக் காந்தத்தைப் பார்ப்பதுதான் எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

அவருக்கு மட்டும் அதன் யோக்கியதை தெரியும். என் மனைவி ஒருமுறை பாத்திரக் கடைக்கு அவரை வம்படியாக இழுத்துக்கொண்டு போனாள்.

"காந்தத்தை எடுங்கக்கா. ஒட்டினா வேணாம்னு வச்சுடலாம்" என்றாள்.

"உன் அடுப்பு என்ன அடுப்பு?"

"கரண்ட் அடுப்பு. இண்டக்‌ஷன்."

"அப்ப அடியில ஒட்டணும்மா. ஒட்டலன்னா பாத்திரம் சூடே ஆகாது" என்று சொல்லிச் சிரித்தாராம் காந்தக்கா. "இதுக்கு நல்லது கெட்டது தெரியாது. ஒட்டும், இல்ல ஒட்டாது. அவ்வளவுதான் இதுக்குத் தெரிஞ்சது."

என் மனைவி வீட்டுக்கு வந்து இதை என்னிடம் சொன்னாள். நானும் தலையாட்டிவிட்டு மறந்துவிட்டேன்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். மீன் டப்பா ஆலை ஒன்று சூடான உப்புத் தண்ணீர் வைக்க இரண்டு பெரிய தொட்டிகள் கேட்டது. காந்தக்கா போய்ப் பார்த்து, பழைய தொட்டியில் ஒரு விரலை விட்டு நக்கியும் பார்த்துவிட்டு வந்து, 316 எல் என்று எழுதினார். எல் என்றால் கார்பன் குறைந்த ரகம். வெல்டிங் சூட்டில் ஓரம் பலவீனப்படாமல் இருக்க அது வேண்டும். ஆலைக்காரர்கள் 304 போதாதா என்று முனகினார்கள். ஜன்னலில் இருந்த டம்ளர்களில் 304, 316 இரண்டையும் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் மேசையில் வைத்துவிட்டு வந்தார். அதோடு அவர்கள் வாய் மூடியது.

நாங்கள் வழக்கமாக வாங்கும் வியாபாரியிடம் அந்தத் தொட்டிகளுக்கு வேண்டிய கனத்தில் தகடு இல்லை. புது வியாபாரி ஒருவர் அனுப்பினார். லாரி வந்த மதியம் மழை கறுத்துக்கொண்டு நின்றது. டிரைவர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு தகட்டின் மேலும் ஆலையில் அது எந்தத் தடவை உருக்கியது என்று காட்டும் எண் அச்சாகியிருக்கும். ஹீட் நம்பர் என்போம். அதே எண் சோதனைச் சான்றிதழிலும் இருக்க வேண்டும். அந்தச் சான்றிதழில்தான் தகட்டில் என்னென்ன எவ்வளவு கலந்திருக்கிறது என்று போட்டிருப்பார்கள். சான்றிதழில் கே என்று தொடங்கும் எண் இருந்தது. தகட்டில் ஆர் என்று தொடங்கும் எண் இருந்தது.

நான் அதைப் பார்த்தேன். இரண்டு எண்ணையும் உள்வரவுச் சீட்டில் எழுதி, பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் இதே மாதிரி ஒரு எண் ஒத்துப்போகவில்லை என்று நான் ஒரு லாரியை அரைநாள் நிறுத்தி வைத்திருந்தேன். கடைசியில் பார்த்தால் அது வெறும் தட்டச்சுப் பிழை. அன்றிலிருந்து எங்கள் போர்மேன் என்னை நம்பர் ஜோசியர் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். "என்ன ஜோசியரே, இன்னிக்கு லாரிக்கு நேரம் நல்லாருக்கா?" என்று கேட்பார், பத்துப் பேர் சிரிப்பார்கள். அதனால் அந்த மழை மதியத்தில் காந்தக்கா வந்து காந்தத்தை வைத்து, அது நழுவி விழுந்து, "ஒட்டல, இறக்குங்க" என்று சொன்னபோது, நான் வாயைத் திறக்கவில்லை. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனதும் ரப்பரை எடுத்துக் கேள்விக்குறியை அழித்தேன். நனையாமல் சரக்கு இறங்கியது. எல்லோருக்கும் திருப்தி.

ஐந்து மாதம் கழித்துத் தொட்டி ஒழுகியது.

மேனேஜர் போய்ப் பார்த்துவிட்டுப் படங்களோடு வந்தார். வெல்டிங் கோட்டை ஒட்டி ஊசி குத்தியது போலத் துளைகள், சுற்றிலும் பழுப்புக் கறை. பார்த்த யாருக்கும் ஒன்றுதான் தோன்றும். மேனேஜருக்கும் அதுதான் தோன்றியது. "வெல்டிங் கோளாறு" என்றார்.

இரண்டு தொட்டியையும் வெல்டிங் செய்தது எங்கள் மூத்த வெல்டர். பதினோரு வருடமாக எங்களோடு இருப்பவன். அதிகம் பேச மாட்டான். மதியம் என் பொந்துக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுவான். நான் திட்டுவதையெல்லாம் கேட்டுக்கொண்டு, சாப்பிட்டு முடித்ததும், "முடிஞ்சுதா மச்சான், கை கழுவலாமா?" என்பான். எங்களுக்குள் உறவு எதுவும் கிடையாது. அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டே மச்சான் ஆகிவிட்டேன்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. ஆலைக்காரர்கள் அவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போலக் கேட்டிருந்தார்கள். யாரையாவது காட்டியாக வேண்டும். "மாசக் கடைசி வரைக்கும் இருக்கட்டும். அதுக்கப்புறம் வேற இடம் பாத்துக்கச் சொல்லுங்க" என்று போர்மேனிடம் சொல்லிவிட்டார். அதுவரை வெல்டிங் டார்ச்சைத் தொடக்கூடாது, பாலீஷ் வேலை மட்டும் பார்க்க வேண்டும். ஒழுகிய தொட்டிக்குப் பேர் வாங்கிய வெல்டரை வேறு எந்தப் பட்டறையும் எடுக்காது. இந்தத் தொழிலில் அந்தச் செய்தி ஆளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும்.

அன்றே நான் பழைய கோப்பைத் தேடி எடுத்துப் பார்த்தேன். கே, ஆர். இரண்டும் சீட்டில் அப்படியே இருந்தன. கோப்பை மூடி இருந்த இடத்திலேயே வைத்தேன். வேறு யாராவது கண்டுபிடிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த எட்டு நாளும் வெல்டர் காலையில் என் ஜன்னலுக்கு வந்து, "மச்சான், பாலீஷ் சக்கரம் ரெண்டு" என்று கை நீட்டினான். நான் ஒவ்வொரு நாளும் நான்காகக் கொடுத்தேன். அதைத் தவிர எனக்கு ஒன்றும் செய்யத் துணிவு வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் நான் யாரையும் திட்டுவதையும் நிறுத்தியிருந்தேன். அவன் அதைக் கவனித்துவிட்டு, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான். இல்லை என்று தலையாட்டிவிட்டுக் கை கழுவப் போனேன்.

ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, தொட்டிகளில் ஒன்று திரும்பி வந்தது. முற்றத்தில் இறக்கி வைத்தார்கள். காந்தக்கா டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு ஆள் நுழையும் துளை வழியாக உள்ளே இறங்கினார். ஐம்பத்திரண்டு வயது, முழங்கால் வலிக்காரர். உள்ளே அரை மணி நேரம் இருந்தார். வெளியே வரும்போது முட்டியெல்லாம் உப்புப் படிந்திருந்தது.

"உள்ள வந்து பாருங்க" என்று போர்மேனைக் கூப்பிட்டார். "வெல்டிங் ஓரத்துல மட்டும் இல்ல. அடித்தகட்டு நடுவுலயும் புள்ளி புள்ளியா இருக்கு. அங்க வெல்டர் கையே படலையே."

போர்மேன் தாடையைச் சொறிந்தார். காந்தக்கா நேராக என் ஜன்னலுக்கு வந்தார்.

"அந்தத் தகட்டோட சீட்டும் சர்டிபிகேட்டும் எடுங்க தம்பி."

எடுத்துக் கொடுத்தேன். வாசல் வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். சீட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன் என்று இப்போது சொல்கிறேன். அப்போது செய்திருப்பேனா என்று தெரியாது. அவர் கேட்கவில்லை. கோப்பை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை அவர் கையில் ஒரு சிறிய பாட்டிலும், இரண்டு ஒயர் வைத்த சின்ன பேட்டரியும் இருந்தன. ரசாயனக் கடையில் சொல்லி வரவழைத்தாராம். 304-ஐயும் 316-ஐயும் பிரிப்பது மாலிப்டினம் என்ற ஒரு சரக்கு. 316-இல் அது உண்டு, 304-இல் கிடையாது. உப்பைத் தாங்குவது அதனால்தான். தகட்டில் ஒரு சொட்டு மருந்து விட்டு ஒயரைத் தொட்டால், மாலிப்டினம் இருக்கும் தகட்டில் சொட்டு சிவக்கும். இல்லாத தகட்டில் மஞ்சளாகவே நிற்கும்.

"எல்லாரையும் முற்றத்துக்கு வரச் சொல்லுங்க" என்றார்.

முப்பது பேரும் தொட்டியைச் சுற்றி நின்றோம். மேனேஜர் படியிறங்கி வந்தார். வெல்டர் கடைசி வரிசையில், பாலீஷ் தூசி படிந்த முகத்தோடு நின்றான். காந்தக்கா முதலில் தன் டம்ளரிலிருந்து எடுத்து வந்த 316 துண்டைத் துடைத்து, ஒரு சொட்டு விட்டு, ஒயரை வைத்தார். இரண்டே நொடியில் சொட்டு செம்பருத்திச் சாயம் போலச் சிவந்தது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

பிறகு தொட்டியின் பக்கவாட்டில் ஒரு இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்தார். சொட்டு விட்டார். ஒயரை வைத்தார். நாங்கள் காத்திருந்தோம். சொட்டு மஞ்சளாகவே நின்றது. இன்னொரு இடத்தில் வைத்தார். அங்கும் மஞ்சள். அடியில் வைத்தார். மஞ்சள்.

"இது 304 சார்" என்றார் காந்தக்கா. "வெல்டிங்ல ஒரு தப்பும் இல்ல. இந்தத் தகடு உப்புத் தண்ணிக்குத் தாங்காது. வேற யாரு வெல்டிங் பண்ணியிருந்தாலும் ஒழுகியிருக்கும்."

மேனேஜர் முகத்தில் பத்து நாளாக இல்லாத வெளிச்சம் வந்தது. "அப்ப வியாபாரி ஏமாத்திட்டான். முடிஞ்சுது விஷயம். அவன்கிட்ட வாங்கிடலாம்" என்றார். கூட்டம் கலையத் தொடங்கியது. அத்தோடு விட்டிருந்தால் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். நானும் தப்பித்தோம் என்று மனதுக்குள் மூச்சு விட்டேன்.

"இன்னும் முடியல சார்" என்றார் காந்தக்கா. "ஏமாத்தினது அவன். ஏமாந்தது யாரு?"

கலையத் தொடங்கியவர்கள் திரும்பி வந்து நின்றார்கள்.

"சர்டிபிகேட்ல ஒரு நம்பர், தகட்டுல வேற நம்பர். அது சீட்டுலயே எழுதியிருக்கு. அதுக்குக் கீழதான் நான் கையெழுத்துப் போட்டிருக்கேன், மேல பாக்காம. காந்தம் விழுந்துச்சு, இறக்கச் சொன்னேன்." கழுத்து நாடாவிலிருந்த காந்தத்தைத் தொட்டியில் வைத்துக் கையை விட்டார். அது நழுவித் தொங்கியது. 316 துண்டில் வைத்தார். அதிலும் நழுவியது. "பாருங்க. இதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். இது எனக்கு இருபது வருஷமாத் தெரியும். தெரியாம செஞ்சிருந்தா மன்னிப்பு கேக்கலாம். தெரிஞ்சும் பழக்கத்துல செஞ்சேன். அதுக்குப் பத்து நாளா தண்டனை அனுபவிச்சது வேற ஆளு."

அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெல்டரிடம் போனார். "என் தப்புய்யா. மன்னிச்சுக்க" என்றார்.

வெல்டர் தன் கையைச் சட்டையில் துடைத்தான். "அதெல்லாம் எதுக்குக்கா" என்றான். பிறகு மேனேஜரைப் பார்த்து, "அப்ப நான் டார்ச்சை எடுக்கலாமா சார்?" என்று கேட்டான்.

"எடுய்யா" என்றார் மேனேஜர். அதற்குள் அவர் முகம் பழையபடி இறுகியிருந்தது. காந்தக்காவைப் பார்த்தார். "முதலாளி திங்கட்கிழமை வராரு. உங்க விஷயம் அவர்கிட்ட பேசித்தான் முடிவு பண்ணணும். அதுவரைக்கும் நீங்க எதுலயும் கையெழுத்துப் போட வேணாம், வாசல் பக்கமும் வர வேணாம். தனி ஆளா உங்களையே நம்பி எல்லாத்தையும் விட்டது எங்க தப்பு."

"சரி சார்" என்றார் காந்தக்கா.

அந்தத் தனி ஆள் என்ற சொல் என்னைக் குத்தியது. வாயைத் திறக்க அதுதான் நேரம். முப்பது பேர் நின்றார்கள், போர்மேன் எனக்கு நேர் எதிரே நின்றார். நான் சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டு ஸ்டோருக்குத் திரும்பி, ஏற்கெனவே எண்ணி வைத்த போல்ட்டுகளை மறுபடி எண்ணிக்கொண்டு உட்கார்ந்தேன். கொட்டகையின் மறுகோடியில் வெல்டரின் டார்ச் எரியத் தொடங்கியது. அந்த நீல வெளிச்சம் என் ஜன்னல் வரைக்கும் வந்தது. சந்தோஷமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

வேலை முடிந்து சங்கு ஊதியது. ஆட்கள் கை கழுவிக்கொண்டு கிளம்பினார்கள். காந்தக்கா படியிறங்கி வந்து என் ஜன்னலில் அந்தச் சீட்டை வைத்தார். கே, ஆர் எண்களுக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தில் விரலை வைத்தார்.

"இங்க ஒரு கேள்விக்குறி இருந்துதுல்ல தம்பி?"

நான் கையிலிருந்த போல்ட்டைக் கீழே வைத்தேன்.

"ரப்பர் போட்டாலும் பென்சில் அழுத்தினது போகாது. வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா தெரியுது."

"எப்பக்கா பாத்தீங்க?"

"செவ்வாய்க்கிழமை. கோப்பு வாங்கிட்டுப் போனேனே, அன்னிக்கே."

"அப்புறம் ஏன் முற்றத்துல சொல்லல?"

"கேள்வி உங்களுது. நான் எப்படி எடுத்துக்க முடியும்?" அவர் குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "நீங்க சரியாத்தான் பாத்திருக்கீங்க. இந்தப் பட்டறையிலயே அந்த மழை அவசரத்துல அதைப் பாத்த ஒரே ஆளு நீங்கதான். அடுத்த தடவை பென்சில்ல போடாதீங்க. பேனாவுல போடுங்க."

அவர் வாசலைத் தாண்டிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்து நாடாவில் அடையாள அட்டை மட்டும் தொங்கியது.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். அந்தச் சீட்டில் பழைய பள்ளம் விரலுக்குத் தட்டுப்பட்டது. அதன் மேலேயே கேள்விக்குறியை எழுதினேன். பக்கத்தில் லாரி வந்த நாளின் தேதியைப் போட்டு, 'அன்றே பார்த்தேன், அழித்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு சீட்டை எடுத்துக்கொண்டு இரும்புப் படியில் ஏறினேன். மேனேஜர் அறையில் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.